நீங்கக் கூடாது

சிறையின் உள்வாசலுக்கும் வெளிவாசலுக்கும் நடுவில் ஓர் அறை இருக்கிறது. எட்டடிக்குப் பத்தடி. ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள், வட்ட முத்திரை, காய்ந்துபோன மைப்பெட்டி ஒன்று, காயாத மைப்பெட்டி ஒன்று, ஐந்து நிமிடம் முந்தி ஓடும் சுவர்க்கடிகாரம். ஜன்னல் வழியே பார்த்தால் சாலையும் பஸ் நிறுத்தமும் தெரியும். விடுதலையாகிப் போகிறவர் யாராக இருந்தாலும் கடைசியாக உட்கார வேண்டிய நாற்காலி இந்த அறையில்தான் கிடக்கிறது. அதில் உட்கார்ந்து என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். அழலாம், சிரிக்கலாம், தண்ணீர் கேட்கலாம். ஒரே ஒரு வார்த்தையை மட்டும் சொல்லக் கூடாது. அது ‘சரி’.

சொன்னால் அக்காவுக்குக் கோபம் வந்துவிடும். என்ன புரிந்தது என்று சொந்த வாயால் சொல்லச் சொல்வார். அப்போதும் ‘சரிங்க’ என்று இழுத்தால் மறுபடியும் முதல் வரியிலிருந்து ஆரம்பிப்பார். வெளியே சொந்தக்காரர்கள் காத்துக்கொண்டிருப்பார்கள், பஸ் போய்விடும், காவலர் வாசலில் நின்று கொட்டாவி விடுவார். எது நடந்தாலும் அக்கா அசைய மாட்டார். இந்தப் பிடிவாதம் அவருக்குப் பிறவியில் வந்ததில்லை. ஒரு ஜோடி செருப்பால் வந்தது.

அக்காவுக்கு அப்போது வயது ஐம்பத்து மூன்று. விடுதலைப் பிரிவில் எழுத்தர் வேலை, பதினெட்டு வருட சர்வீஸ். கைதிகள், காவலர்கள், அவரைவிட நாலு வயது மூத்த ஜெயிலர் உட்பட எல்லோருக்கும் அவர் அக்காதான். ஊரே அக்கா என்கிறபோது நாம் மட்டும் வேறு மாதிரி கூப்பிடுவானேன், நாமும் அக்கா என்றே வைத்துக்கொள்வோம்.

வேலை இதுதான். சிலருக்குத் தண்டனைக் காலம் முடியுமுன்பே கதவு திறக்கும். மீதிக் காலத்தை வெளியே, வீட்டில், ஒரு மேற்பார்வை அதிகாரியின் கண் பார்வையில் கழிக்க வேண்டும். அதற்குப் பதினாலு நிபந்தனைகள் உண்டு. ஒன்றை மீறினாலும் திரும்ப உள்ளே. அந்தப் பதினாலையும் போகிறவருக்கு வாசித்துக் காட்டி, விளக்கி, கையெழுத்து வாங்க வேண்டும். அதற்குக் கீழே அக்கா ஒரு கையெழுத்துப் போட வேண்டும். ‘மேற்கண்ட நிபந்தனைகள் அனைத்தும் வாசித்துக் காட்டப்பட்டு விளக்கப்பட்டன’ என்று அங்கே அச்சடித்திருக்கும்.

வாசிப்பதில் அக்காவை அடிக்க ஆளில்லை. பதினாலு நிபந்தனை, ஆறு நிமிடம். ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் நடுவில் ஒரு தடவை மூச்சு வாங்குவார், அவ்வளவுதான். விளக்குவது என்று தனியாக ஒன்றும் நடந்ததில்லை. ஒவ்வொரு வரிக்கும் எதிர் நாற்காலியிலிருந்து ‘சரிங்க’ வந்துகொண்டே இருக்கும், அக்காவும் அதைத்தான் புரிந்ததற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டார். உள்ளே ஐந்தாறு வருடம் இருந்தவனுக்கு ‘சரிங்க’ என்பது பதிலே கிடையாது, பழகிப்போன மூச்சு. எழுந்திரு என்றால் சரிங்க, உட்கார் என்றால் சரிங்க, சாப்பாடு தீர்ந்துபோச்சு என்றாலும் சரிங்க. இது பதினெட்டு வருடம் அங்கேயே குப்பை கொட்டிய அக்காவுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்ததை நினைத்துப் பார்க்க நேரம் இருந்ததில்லை.

அக்காவின் வீட்டிலும் ஒரு ‘சரி’ இருந்தது. அவர் கணவர். கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்துவிட்டால் வீடு தீப்பற்றுகிறது என்று சொன்னாலும் ‘சரி சரி’ என்பார். பல வருடம் குனிந்ததில் அவருக்கு ஒரு கண்ணில் புரை விழுந்தது. ஒரு வியாழக்கிழமை மதியம் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். அக்கா அரைநாள் விடுப்புச் சொல்லியிருந்தார். வழக்கமாக நாளைக்கு இரண்டு, மூன்று விடுதலை இருக்கும். அன்றைக்கென்று ஏழு. ஏழாவது ஆள் ஒரு தச்சர்.

தச்சருக்கு நாற்பத்தொரு வயது. வேலையிடத்தில் வந்த தகராறில் கூட வேலை செய்தவனைக் கட்டையால் அடித்துவிட்டார். அடிபட்டவனுக்கு ஒரு காது போயிற்று. ‘நான்தான் அடிச்சேன்’ என்று முதல் நாளே ஒப்புக்கொண்ட மனிதர். ஆறு வருடம் உள்ளே இருந்தார், இன்னும் இரண்டு வருடம் நாலு மாதம் பாக்கி. அவர் உள்ளே வந்தபோது மகளுக்கு இரண்டு வயது. மனைவி வேறு வாழ்க்கையைத் தேடிக்கொண்டு போய்விட்டாள். குழந்தையைத் தச்சரின் தங்கைதான் வளர்த்தாள். அவள் வீட்டு வாசல் அறையிலேயே தையல் மிஷின் போட்டிருக்கிறவள். இப்போது குழந்தை மூன்றாம் வகுப்பு.

அன்றைக்கு அக்கா பறந்தார். ஆறு நிமிடம் நாலானது. ஏழாவதுக்குப் பிறகு மூச்சு வாங்கினாரா என்பதும் சந்தேகம். தச்சர் பதினாலு முறை ‘சரிங்க’ என்றார், கையெழுத்துப் போட்டார், நகலை எட்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். அக்கா கைப்பையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். கண் ஆபரேஷன் நன்றாக நடந்தது.

இருபத்தாறாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை, தச்சரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

திரும்பி வருகிறவர்களின் உடைமைகளைப் பட்டியல் போடுவதும் அக்காதான். காகிதத்தில் காரணம் எழுதியிருந்தது: திங்கள்தோறும் மேற்பார்வை அதிகாரி முன் நேரில் வர வேண்டும் என்ற நிபந்தனையை ஒரு முறைகூட நிறைவேற்றவில்லை, தலைமறைவு. அக்கா உச்சுக் கொட்டினார். இத்தனை வருடத்தில் எத்தனை பேரைப் பார்த்தாயிற்று. கொடுத்ததைக் காப்பாற்றத் தெரியாதவர்கள் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே எழுத ஆரம்பித்தார். சட்டை ஒன்று. கால்சட்டை ஒன்று. தச்சுப் பென்சில் துண்டு ஒன்று. செருப்பு, ஒரு ஜோடி.

பழசா புதுசா என்று எழுத வேண்டும். அக்கா செருப்பைத் திருப்பிப் பார்த்தார். அடிப்பக்கம் பளிச்சென்று இருந்தது. ஒரு கீறல் இல்லை, லேசான தூசியைத் தவிர ஒரு பொட்டு மண் இல்லை. வலது செருப்பின் அடியில் கடைக்காரன் ஒட்டிய விலைச்சீட்டு ஓரம்கூடக் கிழியாமல் அப்படியே இருந்தது.

இருபத்தாறு நாள் தலைமறைவாகத் திரிந்த மனிதனின் செருப்பு. அக்கா அதை மேசைமேல் வைத்தார். பிறகு தச்சரின் சட்டைப்பையில் கை விட்டார். எட்டாக மடித்த நிபந்தனைத் தாள் இருந்தது. அதற்குள் இன்னொரு தாள், நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்தது. குண்டு குண்டாக, வரிக்கு வெளியே ஓடுகிற எழுத்தில் இப்படி இருந்தது: ‘எங்க அப்பா என்னை ஸ்கூல்ல விட வெளியே வர அனுமதி தருகிறேன். இப்படிக்கு, மகள், மூணாம் வகுப்பு.’

அக்கா அதை இரண்டு தடவை படித்தார். ஏதோ பெரிய தப்பு நடந்திருக்கிறது என்று புரிந்தது. அது என்ன தப்பு, யாருடையது என்று இன்னும் புரியவில்லை.

பட்டியலை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போனார். தச்சர் கம்பிக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தார். அக்காவைப் பார்த்ததும் எழுந்து நின்றார். ஏன் அதிகாரியைப் போய்ப் பார்க்கவில்லை என்று அக்கா கேட்டார். தச்சர் விழித்தார். அக்கா தன்னைச் சோதிக்கிறாரோ என்றுகூட நினைத்திருக்கலாம்.

“நீங்கதானக்கா படிச்சீங்க” என்றார் மெதுவாக. “வீட்டை விட்டு, அனுமதி இல்லாம, நீங்க கூடாதுன்னு. என்னைத்தான் சொல்றாங்கன்னு நானும் சரின்னேன்.”

நாலாவது நிபந்தனை. அக்காவுக்கு அதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். ‘இருப்பிடத்தை விட்டு முன் அனுமதியின்றி நீங்கக் கூடாது.’ அந்த வரியை எழுதிய புண்ணியவான் எந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுதினாரோ தெரியாது. அவர் சொல்ல வந்தது, குடியிருக்கும் வீட்டை மாற்றுவதாக இருந்தால் முன்கூட்டியே கேள் என்பது. அதை அப்படியே எழுதினால் என்ன குறைந்துவிடும்? வீடு மாற்றாதே என்று எழுதினால் அச்சு இயந்திரம் கோபித்துக்கொள்ளுமா? ‘நீங்க’ என்று போட்டார். நீங்குவது. தாளில் அதன் வாலில் ஒரு ‘க்’ இருக்கிறது. நாலு நிமிடத்தில் பதினாலு நிபந்தனை வாசிக்கிற வாயில் அந்த ‘க்’ எங்கே நிற்கும்? அக்கா வாசித்தது ஒரு ‘நீங்க’. தச்சர் காதில் விழுந்தது இன்னொரு ‘நீங்க’. வீட்டை விட்டு, நீங்க, கூடாது. இவ்வளவு மரியாதையாகத் தன்னைப் பார்த்துச் சொல்கிறார்களே என்று அவரும் மரியாதையாகவே கேட்டுக்கொண்டார்.

வீட்டுக்குப் போய்த் தாளை எடுத்துத் தங்கையிடம் காட்டியிருக்கிறார். அவளும் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, ஆமாம் அண்ணே, வீட்டை விட்டுப் போகக் கூடாதுன்னுதான் போட்டிருக்கு என்றிருக்கிறாள். அப்புறம் என்ன? தச்சர் வீட்டுக்குள்ளேயே இருந்தார்.

மனிதர் தொழில்காரர் இல்லையா, அளவு தெரியாமல் இருக்க முடியவில்லை. வீடு எங்கே முடிகிறது என்று முதல் நாளே யோசித்திருக்கிறார். வாசல் நிலையோடு முடிகிறதா, படியும் சேர்த்தியா? படி நிலைக்கட்டையோடு சேர்த்துப் பொருத்தப்பட்டிருந்தது. ஆகவே படி வீட்டைச் சேர்ந்தது என்று தீர்மானம் செய்து, பென்சிலால் படியின் விளிம்பில் ஒரு கோடு போட்டுக்கொண்டார். அதுவரை வருவார். தினம் காலையில் மகள் பையை மாட்டிக்கொண்டு கையைப் பிடித்து இழுப்பாள். பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளித்தான். தச்சர் கோடு வரை வந்து நின்று கையை விடுவார். அப்பாவுக்கு இன்னும் அனுமதி வரலை பாப்பா என்பார். அவள் தெருக்கோடியில் திரும்புகிற வரை நிற்பார். பிறகு உள்ளே போய் ஏதாவது ஒரு கதவைச் செதுக்குவார். இருபத்தாறு நாளில் அந்த வீட்டில் முனகும் கதவு, ஒட்டிக்கொள்ளும் ஜன்னல், ஆடும் நாற்காலி என்று எல்லாம் சரியாகிவிட்டன. வேலை தீர்ந்துபோய்ச் சரியாக இருந்ததையே இரண்டாம் தடவை சரி செய்தாராம்.

திங்கட்கிழமை அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்பதும் அவருக்கு ஞாபகம் இருந்தது. போகவும் கூடாது, போகவும் வேண்டும். அதற்குத்தானே ‘முன் அனுமதி’ என்று போட்டிருக்கிறது என்று நினைத்து, அனுமதி கேட்டுக் கடிதம் எழுதி, தங்கையிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொல்லியிருக்கிறார். எந்த முகவரிக்கு? ஆறு வருடமாக அவருக்குத் தெரிந்த ஒரே அலுவலக முகவரிக்கு. சிறைக்கு.

இதைச் சொல்லும்போது தச்சர் குரலில் குற்றம் சாட்டுகிற தொனி துளியும் இல்லை. அதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை. அன்று காலை வாசலில் வேன் வந்து நின்றதும், அனுமதிதான் வந்துவிட்டது, கூட்டிப்போக வண்டியே அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்து, தங்கை வாங்கி வைத்திருந்த புதுச் செருப்பை முதல் தடவையாகப் போட்டுக்கொண்டு ஏறினாராம். பாதி வழியில்தான் விஷயம் புரிந்ததாம்.

“பாப்பா பள்ளிக்கூடத்துல இருந்தா. வந்து தேடியிருப்பா” என்றார்.

வெள்ளிக்கிழமை விடுதலை வாரியம் கூடும். அங்கே விடுதலையை ரத்து செய்தால் பாக்கி இரண்டு வருடம் நாலு மாதமும் உள்ளேதான். மகள் ஐந்தாம் வகுப்பு முடிக்கிற வரை.

அக்கா நேராக மாடியில் மனுப் பிரிவுக்கு ஏறினார். அங்கே அலமாரி முழுக்க மனுக்கள். வீட்டுக்குப் போய்வர வேண்டும், தாயைப் பார்க்க வேண்டும், வெளியே வர அனுமதி வேண்டும் என்று உள்ளே இருப்பவர்கள் எழுதுகிற மனுக்கள். அங்கே தேடினார். மறுநாளும் சாப்பாட்டு நேரத்தில் போய்த் தேடினார். புதன்கிழமை சாயங்காலம் மூன்று கடிதங்களும் கிடைத்தன. முதல் கடிதத்தில், ‘ஐயா, நான் வீட்டில்தான் இருக்கிறேன். திங்கட்கிழமை அதிகாரியைப் பார்க்க வெளியே வர அனுமதி கொடுக்கவும். கிடைத்தவுடன் வருகிறேன்’ என்றிருந்தது. இரண்டாவதில் அதே வாசகம், கூடவே தொந்தரவுக்கு மன்னிக்கவும். மூன்றாவதில், முடிந்தால் மகளைப் பள்ளியில் விட்டு வரவும் சேர்த்து அனுமதி கொடுக்கவும் என்று ஒரு வரி கூடியிருந்தது. மூன்றின் தலையிலும் மனு எழுத்தர் சிவப்பு மையில் ஒரே குறிப்பு எழுதியிருந்தார்: ‘இந்த எண்ணுள்ள கைதி சிறையில் இல்லை. நடவடிக்கை தேவையில்லை.’

அட கடவுளே. சிறையில் இல்லாதவன் எதற்கடா வெளியே வர அனுமதி கேட்கிறான் என்று ஒரு நொடி யோசிக்கக் கூடாதா? அக்கா அந்த எழுத்தரைப் பிடித்து உலுக்கப் போனார். போன வேகத்திலேயே நின்றார். விளக்காமல் ‘விளக்கப்பட்டன’ என்று கையெழுத்துப் போட்ட கை யாருடையது?

கடிதங்களை ஜெயிலரிடம் காட்டினார். ஜெயிலர் கெட்டவர் இல்லை. படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடிதங்களை வாரியத்தில் கொடுங்கள், போதும் என்றார். அக்கா அது போதாது என்றார். மேற்பார்வை அதிகாரியின் அறிக்கையோடு அக்காவின் கையெழுத்துப் போட்ட தாளும் போகிறது. எல்லாம் விளக்கிச் சொல்லப்பட்டது என்று அதில் இருக்கிறது. விளக்கிச் சொன்ன பிறகும் புரியவில்லை என்றால் நடிக்கிறான், கடிதமும் நடிப்புத்தான் என்று ஆகிவிடாதா? விளக்கவில்லை என்று தானே போய்ச் சொன்னால்தான் கடிதத்துக்கு உயிர் வரும்.

ஜெயிலர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அக்கா, யோசிச்சுக்குங்க. விளக்கலன்னு நீங்களே சொன்னா, அந்தக் கையெழுத்து பொய்யின்னு ஆயிடும். உங்களுக்கு அஞ்சு வருஷம்தான் சர்வீஸ் இருக்கு.”

அன்று இரவு வீட்டில் கணவர் ஒரு கடிகாரத்தைப் பிரித்துப் பரப்பி வைத்திருந்தார். ஆபரேஷன் ஆன கண்ணில் இப்போது எல்லாமே துல்லியமாகத் தெரிகிறது என்று அவருக்கு ஏகப் பெருமை. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். செருப்பு, பென்சில் கோடு, மூன்றாம் வகுப்பு அனுமதி எல்லாம். அவர் இரண்டு தடவை ‘சரி’ என்றார். மூன்றாவது ‘சரி’யில் அக்காவுக்கு எங்கிருந்துதான் அழுகை வந்ததோ, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிவிட்டார். கணவர் பூதக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு மனைவியைப் பார்த்தார். கல்யாணமாகி இருபத்தேழு வருடத்தில் வேலை நடுவே அவர் கண்ணாடியைக் கழற்றியது அதுதான் முதல் தடவை.

“அன்னிக்கு என் கண்ணுக்காகத்தானே ஓடி வந்தே” என்றார். “அப்ப பாதித் தப்பு என்னோடது. நீ போய்ச் சொல்லிடு. வேலை போச்சுன்னா ரெண்டு பேரும் உக்காந்து கடிகாரத்தைப் பிரிப்போம்.”

“எனக்கு முள்ளு எதுன்னே தெரியாது.”

“நான் விளக்கிச் சொல்றேன்” என்றார் அவர். அக்கா அழுதுகொண்டே சிரித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை வாரியத்தில் மூன்று பேர். தலைவி நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருந்த அம்மாள், அதிகம் பேசாதவர். மேற்பார்வை அதிகாரி அறிக்கையை வாசித்தார். அவர் கையில் எண்பது பேர். வராதவனை வீடு தேடிப் போய்ப் பார்க்க நேரம் இல்லை, மூன்று திங்கள் தவறினால் காகிதம் தானாகவே நகர்ந்துவிடும். அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. தச்சர் ஓரத்தில் நின்றார். எதைக் கேட்டாலும் சரிங்க என்றார். உங்கள் விடுதலையை ரத்து செய்யலாம், தெரியுமா என்று கேட்டபோதும் பழக்க தோஷத்தில் சரிங்க என்றுவிட்டார்.

அக்கா எழுந்தார். மூன்று கடிதங்களையும் செருப்பையும் மேசைமேல் வைத்தார். செருப்பைத் திருப்பி விலைச்சீட்டு தெரிகிற மாதிரி வைத்தார். வீட்டில் நாலைந்து தடவை சொல்லிப் பார்த்து வந்த பேச்சு ஒன்று இருந்தது. அது ஒரு வார்த்தைகூட வாயில் வரவில்லை.

“நான் ‘நீங்க’ன்னு படிச்சேன். அவர் ‘நீங்க’ன்னு கேட்டார்” என்றார். “விளக்கினேன்னு கையெழுத்து போட்டிருக்கேன். விளக்கல. அவசரத்துல இருந்தேன். அவர் ஒரு நிபந்தனையும் மீறல, நான் சொன்னதை அப்படியே கேட்டு வீட்டுக்குள்ளயே இருந்திருக்கார்.”

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தலைவி நாலாவது நிபந்தனையைத் தானே ஒரு தடவை வாய்விட்டுப் படித்தார். பிறகு வாசலில் நின்ற காவலரைக் கூப்பிட்டு, இதைக் கேட்டால் உங்களுக்கு என்ன புரிகிறது என்று மறுபடியும் படித்துக் காட்டினார். காவலர் விறைப்பாக நின்றுகொண்டு, வீட்டை விட்டு வெளிய வரக் கூடாதுங்கம்மா என்றார். அந்தச் சிறையில் பன்னிரண்டு வருடம் வேலை செய்தவர் அவர். மேற்பார்வை அதிகாரி தலையைச் சொறிந்தார். அறையில் யாரோ சிரிக்க ஆரம்பித்து இருமலாக மாற்றிக்கொண்டார்கள். தலைவி மட்டும் சிரிக்கவில்லை. செருப்பைக் கையில் எடுத்து, அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

விடுதலை தொடரும் என்று தீர்ப்பாயிற்று. அக்காவுக்கு ஒரு மெமோ. அதைப் பிறகு அக்கா மேசைக் கண்ணாடிக்குக் கீழே, தன் பக்கம் பார்த்த மாதிரி வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை தச்சர் மறுபடியும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அக்கா தாளை எடுக்கவே இல்லை. ஒவ்வொன்றாகப் பேச்சு மொழியில் சொன்னார், தச்சரைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். முதலாவதுக்குத் தச்சர் வழக்கம்போல ‘சரிங்க’ என்றார்.

“இந்த அறையில அந்த வார்த்தை இனிமே கிடையாது” என்றார் அக்கா. “உங்க வாயால சொல்லுங்க.”

தச்சருக்கு வியர்த்துவிட்டது. ஆறு வருடமாக யாரும் அவரை அவர் வாயால் எதையும் சொல்லச் சொன்னதில்லை. தட்டுத் தடுமாறிச் சொன்னார். ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டு பஸ் வந்து போயின. அடுத்த ஆள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தூங்கியே போனார். நாலாவது வந்தபோது அக்கா ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தார்.

“வீடு மாத்தணும்னா முன்னாடியே கேக்கணும்” என்றார் தச்சர். “மத்தபடி வெளிய போலாம்.” நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். “எங்கெங்க போலாம்க்கா?”

அக்கா சொன்னார். வேலைக்குப் போகலாம். கடைக்குப் போகலாம். ஆஸ்பத்திரிக்கு, தெருமுனைக்கு, காற்று வாங்க, சும்மா நடக்கக்கூடப் போகலாம். அடிபட்டவர் வீட்டுப் பக்கம் மட்டும் போகக் கூடாது. திங்கட்கிழமை அதிகாரியிடம் கட்டாயம் போக வேண்டும், அதற்கு யாரையும் கேட்க வேண்டாம். இன்றைக்கும் திங்கள்தான், வீட்டுக்குப் போகிற வழியிலேயே அவர் அலுவலகம். பள்ளிக்கூடம் வரை போகலாம், தினமும் போகலாம். ஒவ்வொன்றையும் தச்சர் உதட்டை அசைத்துத் திரும்பச் சொல்லிக்கொண்டார்.

கையெழுத்து ஆனதும் அக்கா உடைமைகளைத் திருப்பிக் கொடுத்தார். பென்சில் துண்டு, செருப்பு, எட்டாக மடித்த தாள். நோட்டுப் புத்தகத் தாளைக் கையில் வாங்கிய தச்சர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். எழுதிக் கொடுத்தபோது மகள், இதைக் காட்டினா விடுவாங்களாப்பா என்று கேட்டாளாம். இது செல்லாது பாப்பா, இதுல சீல் இல்லையே என்று அப்போது சொல்லிவிட்டாராம்.

அக்கா அந்தத் தாளைக் கேட்டு வாங்கினார். மேசையில் நீவி விரித்தார். காயாத மைப்பெட்டியைத் திறந்து வட்ட முத்திரையை அழுத்தி, மூணாம் வகுப்பின் கையெழுத்துக்குப் பக்கத்தில் குத்தினார். அரசாங்க முத்திரையை இப்படியெல்லாம் குத்தலாமா என்றால், கூடாதுதான். வாசல் காவலர் அப்போது பார்த்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

“இப்ப செல்லும்” என்றார் அக்கா.

வெளிவாசலில் ஆள் குனிந்து போகிற சின்னக் கதவு ஒன்று உண்டு, அதற்குக் கீழே இரும்பு விளிம்பு. வெளியே தங்கையும் மகளும் நின்றிருந்தார்கள். மகள் பள்ளிப் பையோடு வந்திருந்தாள். அவள் ஓடி வரவில்லை. வாசல் வரை வந்து நின்றுவிடுகிற அப்பாவை இருபத்தாறு நாள் பார்த்தவள் அவள். காவலர் கதவைத் திறந்தார். தச்சர் விளிம்பருகே வந்து, பழக்கத்தில் அப்படியே நின்றுவிட்டார்.

பதினெட்டு வருடத்தில் அக்கா ஒரு கைதியோடும் வாசல் வரை போனதில்லை. அன்றைக்கு எழுந்து பின்னாலேயே போனார். தச்சர் திரும்பிப் பார்த்தார். அக்கா சொன்னார், இந்தத் தடவை நிறுத்தி, அழுத்தம் திருத்தமாக.

“நீங்க, போலாம்.”

தச்சர் தாண்டினார்.

அக்கா அறைக்குத் திரும்பி ஜன்னலைப் பார்த்தார். மூன்று பேரும் பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். மகள் அப்பா கையிலிருந்த தாளைப் பிடுங்கி, முத்திரையை அத்தையிடம் காட்டிக் காட்டி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். பஸ் வந்து நின்றது, கண்டக்டர் ஏறச் சொல்லிக் கை காட்டினார். தச்சர் வேண்டாம் என்று தலையசைத்தார். பஸ் போன பிறகு மூன்று பேரும் சாலையோரமாக நடக்க ஆரம்பித்தார்கள். வீடு அங்கிருந்து ஏழு கிலோமீட்டர். செருப்பு அன்றைக்குத்தான் தேய ஆரம்பித்தது.